அறுந்துபோகாத கயிறு

வசந்தனை இனிமேல் கயிறு பிடிக்க விடுவதில்லை என்று நீங்கள் எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நம் கிணற்று வேலைக்காரர் சங்கத்து மலருக்கு அனுபவங்களை எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டபோது, கிணற்றுக்குள் இறங்குமுன் விளக்கு இறக்கிப் பார்ப்பதைப் பற்றியும், மூடிக் கிடந்த கிணறுகளில் தேங்கும் கெட்ட காற்றைப் பற்றியும் எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு பக்கம் எழுத எனக்குப் பல நாள் பிடிக்கும். அதற்குள் இந்தச் செய்தி வந்துவிட்டது. விளக்கைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கயிற்றைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும்.

நான் அறிந்தது இவ்வளவுதான். நீர்வேலியில் ஒரு வீட்டில் கிணறு கலக்கியிருக்கிறீர்கள். வசந்தன் வேலைக்குப் புதியவர், முன்பு புடவைக் கடையில் நின்றவர். கை சோர்ந்து போனதைச் சொல்ல வெட்கப்பட்டு இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். கயிறு நழுவி, சேற்று வாளி கீழே நின்றவரின் முழங்காலில் விழுந்துவிட்டது. அவர் இப்போது காலில் கட்டோடு வீட்டில் இருக்கிறார். நல்லகாலம், நடப்பார்.

இந்தத் தொழிலை அறியாதவர்களும் மலரைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கிணறு கலக்குவது என்றால் தூர் வாரித் துப்புரவாக்குவது. தண்ணீரை மிசினால் இறைத்து முடித்த பிறகு ஒருவர் கிணற்றுக்குள் இறங்குவார். அடியில் கிடக்கும் சேற்றையும் கல்லையும் வாளியில் நிரப்புவார். மேலே நிற்பவர் கப்பியில் போட்ட கயிற்றால் வாளியை இழுப்பார். வாளி ஏறும்போது கீழே நிற்பவர் ஒதுங்க அதிகம் இடமில்லை. அவருடைய தலை, மேலே நிற்பவரின் கையில். ஆகவே எங்களிடையே ஒரு வழக்கம் உண்டு. வாளி அந்தரத்தில் இருக்கும்போது கயிற்றை விட்டவன் பிறகு கயிறு தொடக் கூடாது. யாழ்ப்பாணத்தில் எந்தக் குழுவும் அவனைச் சேர்க்காது. 'கயிறு விட்டவன்' என்ற பெயர் அவனுக்கு முன்னால் போய் அடுத்த வீட்டு வாசலில் நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. கீழே நிற்பவர் மேலே இருப்பவனை நம்பாவிட்டால், வாளி ஏறுகிற நேரமெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார். நம்பினால் குனிந்து அடுத்த வாளிக்குச் சேறு வழிப்பார். கிணற்றுக்கு மேலே நிற்பவனுக்கு அது தெரியும். முகம் தெரிந்தால் நம்பிக்கையில்லை, முதுகு தெரிந்தால் நம்பிக்கை. யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

நான் ஓரிடத்தில் நின்றவன் இல்லை. சுன்னாகத்தில் வெங்காயம் கிண்டினேன். தட்டிவானில் கொண்டக்டராகத் தொங்கினேன். கொழும்பில் ஒரு பேக்கரியில் மாக் குழைத்தேன், எண்பத்துமூன்று கலவரத்தில் உடுத்த சாரத்தோடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினேன். அதன் பிறகுதான் கிணற்று வேலை. அதையும் ஒரு வருடத்தில் விட்டுவிட்டுப் போவேன் என்றுதான் நினைத்தேன். போகாமல் நின்றதற்குக் காரணம் ஒரு மனிதர்.

அவர் வல்வெட்டித்துறைக்காரர். கடலோடிக் குடும்பம். கடலுக்குப் போகக் கூடாது என்று தடை வந்தபோது, 'தண்ணியிலைதானே வேலை, அது கடலெண்டா என்ன கிணறெண்டா என்ன' என்று சொல்லிக்கொண்டு எங்கள் குழுவுக்கு வந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். இடுப்பில் எப்போதும் ஒரு சின்னக் கத்தி இருக்கும். வலை வெட்டிப் பழகிய கை. அவருக்குப் பெயர் இருந்தது, ஆனால் இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

அரியாலையில் கடலேரிப் பக்கமாக ஒரு வீட்டுக் கிணறு. அவர் கீழே, நான் கயிற்றில். குழுத்தலைவரும் மற்றவர்களும் வளவுக்குள் சேற்றை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வாளி நிறையக் கல். கப்பிக்குக் கிட்ட வந்துவிட்டது. அப்போது ஹெலிச் சத்தம், ஆமியின் ஹெலிகொப்டர், கேட்டது.

அந்த நாட்களில் அந்தச் சத்தத்துக்கு என்ன செய்வோம் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பக்கத்தில் ஒரு தூண் இருந்தது. கயிற்றை அதில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடியிருந்தால் வாளி அந்தரத்தில் நின்றிருக்கும். ஒரு மூச்சு விடும் நேரம். நான் சுற்றவில்லை. கயிற்றைப் போட்டுவிட்டு வாழைகளுக்குள் ஓடி முகம் குப்புற விழுந்தேன். எல்லாரும்தான் ஓடினார்கள். ஆனால் கயிறு என் கையில்தான் இருந்தது.

ஹெலி ஒன்றும் செய்யவில்லை. எங்களுக்கு மேலாகப் போய்விட்டது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு அந்த வளவில் ஹெலியிடமிருந்து பாதுகாப்பாக நின்ற ஒரே ஆள் கிணற்றுக்குள் நின்ற அவர்தான். அவரை அடித்தது ஹெலி அல்ல, நான்.

வாளி தோளில் விழுந்து எலும்பு முறிந்திருந்தது. சத்தம் கேட்டுச் சுவரோடு ஒட்டி நின்றபடியால் தலை தப்பியது. வேறு கயிறு கட்டி அவரைத் தூக்கி மேலே எடுத்துக் கிணற்றுக்கட்டில் சாய்த்து வைத்தோம். குழுத்தலைவர் பொல்லாதவர். அவர் முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"என்ன நடந்தது?"

நான் வாயைத் திறந்தேன்.

"கயிறு அறுந்து போச்சு," என்றார் வல்வெட்டித்துறைக்காரர்.

"நேற்றுத்தானே பார்த்தனான். நல்லாத்தானே இருந்தது."

"கடல்காரனுக்குக் கயிறு படிப்பிக்கிறியளோ? உது நைஞ்ச கயிறு. கப்பியிலை தொங்குது, போய்ப் பாருங்கோ."

நான் விட்ட கயிறு முழுவதும் உள்ளே விழவில்லை. நுனியில் போட்டிருந்த முடிச்சு கப்பியில் இறுகி, மீதி கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. குழுத்தலைவர் அதை இழுத்துப் பார்த்தார். மறுநுனி நார்நாராகப் பிரிந்து நைந்து போயிருந்தது. காறித் துப்பிவிட்டு, கயிறு வாங்கித் தந்த கடைக்காரனைத் திட்டிக்கொண்டு போனார்.

அந்த நுனி எப்படி நைந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். என்னைப் பற்றி வல்வெட்டித்துறைக்காரருக்குத் தெரியும், குழுத்தலைவரையும் தெரியும். நாங்கள் வாழைக்குள் படுத்துக் கிடந்த நேரத்தில், முறிந்த தோளோடு, ஒற்றைக் கையால் கத்தியை எடுத்துக் கயிற்றை வாளிக்கு மேலே வெட்டி, வெட்டின நுனியைக் கிணற்றுக் கல்லில் தேய்த்திருக்கிறார்.

ஆசுபத்திரியில் போய்ப் பார்த்தபோது ஏன் என்று கேட்டேன்.

"என்ரை கையாலையும் ஒருக்கா ஒண்டு நழுவினதடாப்பா," என்றார்.

"என்னது?"

"அது என்ரை. உனக்கு உன்ரை காணும்."

இன்று வரைக்கும் எனக்கு அது தெரியாது. கடலில் ஏதோ, யாரோ. அவ்வளவுதான்.

தோள் பொருந்திய பிறகு அவர் திரும்பி வந்தார். கை முழுதாக மேலே எழும்பாது. முதல் நாள் கிணற்றில் இறங்கும்போது கயிற்றுக்கு வேறு ஆள் நின்றார். அவர் கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டு, கயிறு உவன்ரை கையிலை குடுங்கோ என்று என்னைக் காட்டிச் சொன்னார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஹெலி வந்தால் ஓடு, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. தூணிலை ஒரு சுத்துச் சுத்திப்போட்டு ஓடு" என்றார்.

அன்றைக்கு எத்தனை வாளி இழுத்தேனோ தெரியாது. ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது. ஒருமுறைகூட அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

தம்பிமார், இந்தக் கதை இதோடு முடிந்திருந்தால் நான் நல்லவனாகச் செத்திருப்பேன்.

அதன் பிறகு சண்டை, இடப்பெயர்வு, வன்னி, மறுபடி யாழ்ப்பாணம். அவர் கடலுக்குத் திரும்பினார். நான் எங்கெங்கோ போய் வந்து, கடைசியில் சொந்தமாக ஒரு குழு வைத்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்கிற கதை, அரியாலையில் கயிறு அறுந்த கதை. 'நல்ல கயிறு எண்டு நம்பினம், அறுந்து ஒரு மனிசன்ரை தோள் போச்சு, வேலைக்கு முன்னம் கயிற்றைத் தடவிப் பாருங்கோ.' எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அவர் எனக்காகச் சொன்ன பொய்யை நான் சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே அதைப் பார்த்தவன் போல ஆகிவிட்டேன். அந்தக் கயிறு நைந்திருந்த நிறம்கூட எனக்கு ஞாபகம் இருந்தது. வாழைக்குள் முகம் குப்புறக் கிடந்ததுதான் ஞாபகம் இல்லை.

நியாஸ் என் குழுவுக்கு வந்தது சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு. தொண்ணூறில் துப்பாக்கி முனையில் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சோனகதெருவில் இருந்து நடந்த பிள்ளைகளில் ஒருவர். புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்து, மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தகப்பனின் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தார். வீடென்றால் நாலு சுவர், உள்ளே ஒரு வேப்பமரம். ஒரு மூலைக்குத் தகரம் போட்டுக் குடியிருந்தார்கள். அவர்களுடைய கிணற்றைக் கலக்கத்தான் எங்களைக் கூப்பிட்டார்.

கிணறு என்றா சொல்வது? கூரை ஓடு, சைக்கிள் றிம், மரக்குற்றி, இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து ஒரு அம்மிக் குழவி வந்தது. நியாஸ் வாளிக்குள் கையை விட்டு அதை எடுத்தார். சாரத்தால் சேற்றைத் துடைத்தார். ஒரு பக்கம் சிதறியிருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"எங்கட உம்மாட குழவி. இந்த இடத்தை உடைச்சது நான்தான். அடியும் வாங்கினன்."

அன்று முழுவதும் எங்களோடு நின்று சேறு அள்ளினார். வேலை முடிந்ததும், உங்களோடு வரட்டுமா என்று கேட்டார். அப்படித்தான் சேர்ந்தார்.

நல்ல வேலைக்காரர். புத்தளத்துப் பேச்சும் எங்கள் பேச்சும் அவர் வாயில் கலந்து வரும். என் குழுவில் செல்வம் என்று ஒருவன், சுன்னாகத்தான், வாய் சும்மா இராது. முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நியாஸை 'நானா' என்பான். "நானா, நீங்கள் ஒரு வசனம் கதைச்சு முடிக்கிறதுக்குள்ளை மாங்குளம் தாண்டிப் புத்தளம் போறியள்" என்பான். "உங்கட பேச்சுக்குப் புத்தளம் போக டிக்கட்டே தேவையில்ல செல்வம், கத்தினாலே அங்கன கேக்கும்" என்பார் நியாஸ். அவர்கள் இருவரும்தான் எப்போதும் சோடி. செல்வம் கீழே, நியாஸ் மேலே.

சுன்னாகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டக் கிணறு. பெரிய கிணறு, ஆழமும் கூட. வீட்டுக்காரர், அயல் தோட்டக்காரர் என்று ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நியாஸின் சட்டைப் பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாம் முறை அடித்தபோது ஒரு கையைக் கயிற்றில் இருந்து எடுத்தார்.

வாளி சறுக்கிப் போய்ப் பக்கச் சுவரில் மோதியது. நியாஸ் மற்றக் கையால் அமத்திப் பிடித்துவிட்டார். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போய்விட்டது. வாளி விழவில்லை. ஆனால் மோதின வேகத்தில் வாளிக்குள் இருந்த கற்கள் சிதறி விழுந்து செல்வத்தின் காது கிழிந்தது. தையல் போட வேண்டியிருந்தது.

காது கிழிந்தது. எலும்பு முறியவில்லை. அவர் கயிற்றை விடவும் இல்லை. ஓடவும் இல்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தோன்றியவை.

அந்த நேரம் எனக்குத் தெரிந்தது, ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதுதான். என் குழுவின் பெயர் போகப்போகிறது என்பதுதான். 'ஏன் விட்டாய்' என்று நான் கேட்கவில்லை. இரத்தம் வடிகிற அவருடைய கையில் இருந்து கயிற்றைப் பறித்தேன்.

"போன் கதைக்கவோ வந்தனி? மனிசன்ரை உயிர் உனக்கு விளையாட்டோ? இனிமேல் கயிறு தொடாதை. போ. வந்த இடத்துக்கே போ!"

நியாஸ் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

"நான் வந்த இடம் இதுதானே அண்ணை," என்றார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஒற்றைக் கையால் பிடித்து ஓட்டினார்.

காதில் கட்டோடு செல்வம் என்னிடம் வந்தான். "அண்ணை, எனக்கு ஒண்டுமில்லை. காது கொஞ்சம் வடிவாத்தான் வந்திருக்குது. நானாவைக் கூப்பிடுங்கோ. நான் அவரின்ரை கயிற்றிலை இறங்கிறன்" என்றான். அடி வாங்கினவனே வந்து கேட்டான். தொழிலில் அப்படியெல்லாம் பார்க்க ஏலாது என்று சொல்லி அனுப்பினேன்.

செய்தி எனக்கு முன்னால் ஓடியது. மற்றக் குழுக்களில் இருந்து என்னிடம் விசாரித்தார்கள். நான் ஒளிக்கவில்லை. ஓம், கயிறு விட்டவன்தான் என்றேன். விட்டவன் அல்ல, நழுவவிட்டுப் பிடித்தவன். அந்த வித்தியாசத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் பின்னேரம் நியாஸ் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. படலையில் நின்றார்.

"அண்ணை, நான் போற இடமெல்லாம் உங்கட பேரைத்தான் சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுப்பாங்க. கயிறு வேணாம். சேறு அள்ளிக் கொட்டுற வேலை சரி."

"உங்கடை நிலைமை விளங்குது. ஆனால் ஆக்களின்ரை உயிரோடை நான் விளையாட ஏலாது."

அவர் சரி என்று தலையாட்டினார். படலையைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். நான் நியாயமாக நடந்தேன் என்ற நினைப்போடு உள்ளே போய்ச் சாப்பிட்டேன். இந்தத் தொழிலில் நான் செய்ததில் ஆகக் கெட்டது எது என்று கேட்டால், கயிற்றை விட்டதைச் சொல்லமாட்டேன். அந்தப் பின்னேரம் சாப்பிட்ட சாப்பாட்டைச் சொல்வேன்.

அதற்குப் பிறகு வந்த கோடையில் வல்வெட்டித்துறையில் ஒரு வேலை. என்னுடைய பழைய மனிதர்தான் ஆள் அனுப்பியிருந்தார், அவருடைய வீட்டுக் கிணறு. தலை முழுவதும் நரைத்துவிட்டது. வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை, சட்டை போடும்போது மனைவி உதவ வேண்டியிருந்தது. வேலைக்கு நடுவில் தேத்தண்ணீரும் பனங்கட்டியும் தந்தார்கள். வேப்பமரத்துக்குக் கீழே இருந்து குடித்தோம். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நான் கதையைத் தொடங்கினேன்.

"கயிறு அறுந்தால் என்ன நடக்குமெண்டு இந்த அண்ணையைப் பாருங்கோ." அரியாலை, கல் வாளி, நைந்த கயிறு, எல்லாம் சொன்னேன். அதோடு விட்டேனா? நியாஸின் கதையையும் சொன்னேன். கயிறு விட்டவனை நான் எப்படி நிறுத்தினேன், என்னிடம் தயவு தாட்சண்யம் கிடையாது, அதனால்தான் என் குழுவில் இன்றைக்கும் ஆட்கள் நம்பி இறங்குகிறார்கள் என்று சொன்னேன். அவர் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

பெடியள் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார்கள். நானும் எழும்பினேன்.

"இரடாப்பா," என்றார். "நீ சொன்ன வடிவிலை எனக்கே ஐமிச்சம் வந்திட்டுது. மெய்யாத்தான் கயிறு அறுந்ததோ எண்டு."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உனக்கு நான் அறுத்தன். அந்தப் பெடியனுக்கு ஆர் அறுத்தது?"

அவ்வளவுதான் கேட்டார். தேத்தண்ணிக் கோப்பைகளை ஒற்றைக் கையால் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் அந்த மரத்தடியில் இருந்தேன். வாழைக் கன்றுகளின் ஈரமும், வாய்க்குள் போன மண்ணும் ஞாபகத்துக்குத் திரும்பி வந்தன. கையை விரித்துப் பார்த்தேன். என் உள்ளங்கையில் ஒரு கீறலும் இல்லை. நியாஸின் கையில் தோல் இருக்கவில்லை.

மறுநாள் காலை சோனகதெருவுக்குப் போனேன். படலையில் பூட்டுத் தொங்கியது. சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். கிணற்றுக்குத் தகரம் போட்டுக் கல் வைத்து மூடியிருந்தார்கள். பக்கத்து வீட்டு நானா ஒருவர், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு லொறி பிடித்துக்கொண்டு புத்தளம் போய்விட்டார்கள் என்று சொன்னார். வேலை ஒன்றும் சரிவரவில்லையாம் என்றார். ஏன் சரிவரவில்லை என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முதல் முறை அவர்களைத் துவக்கைக் காட்டி அனுப்பினார்கள். இரண்டாம் முறை அனுப்பியது நான். துவக்குத் தேவைப்படவில்லை.

நான் ஊர் சுற்றி. பஸ் ஏறுவது எனக்குப் பெரிய காரியம் இல்லை. புத்தளம் போய், விசாரித்து விசாரித்து அவருடைய வீட்டைக் கண்டுபிடித்தேன். உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். உப்புப் பட்டுக் கால் வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் திகைத்து, பிறகு "வாங்க அண்ணை" என்று கதிரையை இழுத்துப் போட்டார். குசினி வாசலில் அந்தக் குழவி இருந்தது. முதல் முறை போகும்போது கொண்டுபோக முடியாமல் விட்டுப்போனது. இந்த முறை மறக்காமல் எடுத்து வந்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும், திரும்பி வருவீர்களா என்று நான் கேட்க வந்ததற்குப் பதில் கிடைத்துவிட்டது. என்றாலும் சொல்ல வந்ததைச் சொன்னேன். அரியாலை, ஹெலி, வாழை, கத்தி, எல்லாம். கயிறு அறுந்த கதையை முதல் முறையாக, கயிறு அறுக்காமல் சொன்னேன்.

நியாஸ் தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அப்ப நீங்களும் கயிறு விட்டவரா?" என்று கேட்டார்.

"ஓம்."

"அண்டைக்கே இதைச் சொல்லியிருந்தா நான் செல்வத்துக்கிட்ட விழுந்து அழுதிருப்பன் அண்ணை. நீங்க கத்தினதால எனக்கு உங்க மேல கோவம்தான் வந்திச்சு. என்ட பிழையை நினைக்கவே நேரம் கிடைக்கல்ல."

"போனிலை ஆர்?"

"பள்ளிக்கூடத்தில இருந்து. சின்னவள் மதிலால விழுந்து மண்டை உடைஞ்சிட்டு. மூணு தரம் எடுத்தாங்க."

சின்னவள் பக்கத்தில்தான் நின்றாள். நெற்றியில் தழும்பு இருந்தது.

திரும்பி வாருங்கள், எல்லாக் குழுக்களிடமும் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். அவர் பதில் சொல்லுமுன் கதவுக்கு உள்ளே இருந்து மனைவியின் குரல் வந்தது. "எங்கட வீட்டுக்காரர் உங்கட ஊருல கள்ளன் மாதிரித் தலையைக் குனிஞ்சிட்டு நடந்தவர். இனி வேணாம். புள்ளையளும் இஞ்ச பள்ளிக்கூடத்துல சேர்ந்திட்டாங்க."

"உங்களை மன்னிச்சிட்டன் அண்ணை, அது மெய்," என்றார் நியாஸ். "ஆனா வர ஏலாது."

எழும்பும்போது உள்ளே போய் ஒரு திறப்பைக் கொண்டுவந்து தந்தார். சோனகதெரு வீட்டுப் படலைப் பூட்டின் சாவி.

"எங்கட கிணத்தை வருஷத்துக்கு ஒருக்காக் கலக்கி விடுங்க. தண்ணி எடுக்காட்டிக் கெட்டுப்போகும். புள்ளையள் எண்டைக்காவது வந்து பார்த்தா நல்ல தண்ணி இருக்கட்டும்."

அந்தத் திறப்பு இன்னமும் என் பெட்டிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன்னால் செல்வமும் நானும் போய்க் கலக்குகிறோம். பிள்ளைகள் இன்னும் வரவில்லை. பெரியவளுக்குக் கலியாணமும் ஆகிவிட்டதாகக் கேள்வி.

இனி வசந்தனுடைய விடயம்.

கயிறு நழுவியது சின்ன விடயம் என்று நான் சொல்லவில்லை. முழங்காலில் கட்டோடு இருக்கிறவர் முன்னால் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. மூடி மறையுங்கள் என்றும் சொல்லவில்லை. என்னுடைய மனிதர் எனக்காகப் பொய் சொன்னார், அதனால் நான் பிழைத்தேன். ஆனால் அதே பொய்யைப் பிடித்துக்கொண்டு நான் என்னை மறந்தும் போனேன். ஆகவே வசந்தன் நடந்ததை நடந்தபடி தன் வாயால் சொல்லட்டும், அடிபட்டவரின் வீட்டுக்குப் போய்ச் சொல்லட்டும். நீங்கள் சந்திகளில் நின்று சொல்லத் தேவையில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சத்தமாகப் பதில் சொல்ல வேண்டாம். வசந்தனை நிறுத்த வேண்டும் என்று கை உயர்த்தியபோது, உங்களில் எத்தனை பேருக்குத் தன் கையில் இருந்து நழுவின ஒன்று ஞாபகம் வந்தது? யாருடைய தலையிலும் விழாமல் போனதால் பெயரில்லாமல் போன ஒன்று? எனக்குப் பெயர் வராமல் காத்தது ஒரு மனிதரின் ஒற்றைக் கை. உங்களைக் காத்தது எது என்று வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள்.

வசந்தனின் கயிற்றில் இறங்க ஒருவரும் வரமாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். சரி, உங்களில் யாரையும் நான் கேட்கப்போவதில்லை. சோனகதெருக் கிணறு இந்த வருடம் இன்னும் கலக்கவில்லை. செல்வம் மிசினைக் கொண்டுவருவான். உள்ளே நான் இறங்குகிறேன். என் முழங்கால்கள் முன்னைப்போல இல்லை, ஆனால் வருடா வருடம் கலக்குகிற கிணறு, சேறு அதிகம் இராது. கயிற்றை வசந்தனின் கையில் கொடுங்கள். கை சோர்ந்தால் 'மாத்துங்கோ' என்று வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். இல்லையென்றால் கிணற்றடியில் ஒரு பூவரசு இருக்கிறது, அதில் ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள்.

வர விரும்புகிறவர்கள் வந்து கிணற்றுக்கட்டில் நின்று எட்டிப் பாருங்கள். வாளி ஏறும்போது உங்களுக்கு என் முதுகுதான் தெரியும்.